ரஞ்சன்குடி கோட்டை, சாத்தனூர் கல்மரம், எங்க வீடு

ஈப்போவிலிருந்து வந்த அந்த அம்மாவைப் பார்த்ததும், பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சான்னு கேட்கணும்னு ரெண்டு நாளா மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டிருந்தேன். பெரம்பலூர்ல அவங்க தங்கின லாட்ஜ் வாசல்ல எதிர்ல வந்து நின்னப்ப என் வாயில வந்தது, "வெயிலா இருக்கு" மட்டும்தான்.

"ஆமாக்கா, நல்ல வெயில்லா" என்று சிரிச்சாங்க. பேச்சு முடிவுல 'லா' போடறது அவங்க ஊர்ப் பழக்கம். பேரு கமலவேணி. தலைக்குத் தொப்பி, தோள்ல ஒரு பை, கால்ல ஓடறவங்க போடற மாதிரி ஷூ. புடவைக்குக் கீழ ஷூ போட்ட பொம்பளையை நான் அன்னிக்குத்தான் கிட்டத்துல பார்த்தேன்.

என் மவன் குமரேசன் மலேசியாவுல அந்த ஈப்போவுலதான் வேலை பார்க்கிறான். பிந்திப் பொறந்த ஒரே புள்ளை. இந்தக் கமலவேணி அம்மாவோட மவளைத்தான் கட்டிக்குவேன்னு சொல்றான். அவங்க பாட்டன் காலத்துலயே அங்க போன குடும்பம். பொண்ணுக்கு அப்பா இல்லை. "நான் போயி ஊரைப் பார்த்துட்டு வந்துதான் பதில் சொல்வேன்"னு இந்த அம்மா தனியாவே கெளம்பி வந்துட்டாங்க. "நீதாம்மா கூட இருந்து எல்லாத்தையும் காட்டணும்"னு குமரேசன் போன்ல சொன்னான். புதுசா ஒருத்தர் எதிர்ல உட்கார்ந்தாலே எனக்குப் பேச்சு வராது. அவனுக்கும் அது தெரியும். வேற ஆள் இல்லை, அவனோட அப்பாவும் போய்ச் சேர்ந்துட்டாரு.

எங்க வீடு ஆண்டிமடத்துக்கு அந்தாண்ட, முந்திரித் தோப்புக்குள்ள. பெரம்பலூர் ஒரு கோடின்னா அது இன்னொரு கோடி. அவங்களை நேரா அங்கேயே கூட்டிட்டுப் போயிருக்கலாமேன்னு கேட்பீங்க. எங்க பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசி முடிக்கிற வரைக்கும் பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீட்டுல கை நனைக்க மாட்டாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் பொண்ணு வீட்டுல நனைக்க மாட்டாங்க. கை நனைக்கிறதுன்னா இலை போட்டுச் சோறு சாப்பிடறது. காப்பித் தண்ணி கணக்குல வராது. சோறு சாப்பிட்டா சம்மதம்னு ஆயிடும். அவ்வளவு தூரம் வந்த மனுஷிக்கு வெறும் காப்பியைக் கொடுத்து அனுப்ப முடியுமா? வான்னு கூப்பிட்டா சோறு போடணும். போட்டா அவங்க மறுக்க சங்கடப்படுவாங்க. அதனால அவங்களா வாயைத் திறந்து சம்மதம் சொல்லட்டும், அதுவரைக்கும் ஊரைக் காட்டுவோம்னு நினைச்சேன். பெரம்பலூர்ல இருக்கிற என் தங்கச்சி வீட்டுல நான் படுத்துக்கிட்டேன். தங்கச்சியும், "அதாங்க்கா மரியாதை" என்றாள்.

காரு எங்க தெரு செல்வத்தோடது. அவனும் மலேசியாவுல கையுறை கம்பெனியில கொஞ்ச வருஷம் இருந்துட்டு வந்தவன். வாய் ஓயாது. எனக்கும் சேர்த்து அவன் பேசிடுவான்னுதான் கூட்டிட்டு வந்தேன்.

அன்னிக்குப் புதன்கிழமை. "முதல்ல சிறுவாச்சூர் காளி" என்று அந்த அம்மா சொன்னாங்க. அவங்க அம்மாவுக்குக் கோபம் வந்தா, சிறுவாச்சூர்க்காரி பார்த்துக்குவான்னு மண்ணை வாரிப் போடுவாங்களாம். அந்தச் சிறுவாச்சூர்க்காரி யாருன்னு பார்க்கணும்னு சின்ன வயசுலேருந்து ஆசையாம். போனோம். பூட்டிக் கிடந்தது. திங்களும் வெள்ளியும்தான் அங்க நடை திறப்பாங்க. மத்த நாள்ல அம்மன் மலை மேல போயிடும்னு சொல்வாங்க.

செல்வம் என்னைத் திரும்பிப் பார்த்தான். "பெரியம்மா, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"ஆசையா கேட்டாங்க. எப்படி வேணாம்கிறது?"

"நல்லா வந்தீங்க வழி காட்ட."

அந்த அம்மா கதவு இடுக்கு வழியா உள்ள எட்டிப் பார்த்தாங்க. "காளிக்கே வாரத்துல ரெண்டு நாள்தான் வேலையா? எங்க ஊர்ல எனக்கு ஆறு நாள்" என்றாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. முந்தானையால வாயை மூடிக்கிட்டேன்.

மத்தியானம் டவுன்ல ஒரு ஓட்டல்ல சாப்பாடு. அந்த அம்மா சாம்பார்ல மிதந்த சின்ன வெங்காயத்தை ஒவ்வொண்ணா எடுத்துத் தின்னாங்க. இந்த மாவட்டத்து வெங்காயம்னு செல்வம் பெருமையடிச்சான். ரோட்டோரமெல்லாம் கொட்டிக் காயவெச்சிருக்கிறதைக் காட்டினான். அவங்க வாய்விட்டுக் கேட்டுச் சாப்பிடறவங்க. பரிமாறின பையன்கிட்ட ரெண்டு தடவை ரசம் கேட்டாங்க. சாப்பாட்டுல குறை கண்டுபிடிக்கிற ஆள் இல்லைன்னு எனக்கு ஒரு நிம்மதி.

அங்கேருந்து ரஞ்சன்குடி கோட்டை. மெட்ராஸ் போற பெரிய ரோட்டுல பஸ்ஸுல போறப்ப எத்தனையோ தடவை தூரத்துல கருப்பா பார்த்திருக்கேன். இறங்கினது கிடையாது. நம்ம ஊர்ல இருக்கிறதை நாம எப்பப் பார்க்கிறோம்? விருந்தாளி வந்தாத்தான்.

பாறை மேலேயே பாறையை அடுக்கின மாதிரி கோட்டை. ஒரு சுத்துக்குள்ள இன்னொரு சுத்து, அதுக்குள்ள இன்னொண்ணு. சுண்ணாம்பு பூசாமலே கல்லுக்குக் கல்லு கத்தி நுழையாத மாதிரி பொருத்தியிருக்கான். அகழியில ஆடு மேஞ்சுது. மேல ஏற ஏற எனக்கு மூச்சு வாங்குச்சு. ஆனா அடுத்த வாசலுக்கு அப்பால என்ன இருக்குன்னு பார்க்காம நிக்க முடியல. அந்த ஷூக்காரங்களை விட நான்தான் முன்னால போனேன். கீழ இறங்குற ஒரு இருட்டு அறைக்குள்ள தலையை விட்டுப் பார்த்தேன். வௌவால் நாத்தம்.

"அக்கா, பேச மாட்டேங்கிறீங்க, ஆனா எல்லாத்துக்குள்ளயும் தலையை விடுறீங்க" என்றாங்க.

உச்சியில நின்னா மேற்கால பச்சைமலை நீட்டுக்குப் படுத்திருக்குது. அவங்க ஊரும் மலையடிவாரம்தானாம். சுண்ணாம்புக்கல்லு மலையாம், குகையைக் குடைஞ்சு உள்ளேயே கோயிலாம், எந்த வீட்டுக் கொல்லையிலேருந்து பார்த்தாலும் மலை தெரியுமாம். தினமும் சாயங்காலம் மழையாம். சொல்லிட்டு, தொப்பியைக் கழட்டி விசிறிக்கிட்டு, "உங்க வீடு எந்தப் பக்கம்க்கா?" என்று கேட்டாங்க.

கிழக்கால கையைக் காட்டினேன். "அந்தப் பக்கம். ரொம்பத் தூரம்."

"மலை தெரியுமா?"

"தெரியாது. முந்திரி மரம்தான் தெரியும்."

அவங்க அந்தப் பக்கமே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டிருந்தாங்க.

ராத்திரி குமரேசன் போன். "ஏதாச்சும் சொன்னாங்களாம்மா?"

"கோட்டை நல்லா இருக்குன்னாங்க."

"கோட்டையை யாரு கேட்டா?"

மறுநாள் வியாழக்கிழமை, சாத்தனூர் கல்மரம் பார்க்கக் கிளம்பினோம். காரைங்கிற ஊரைத் தாண்டினதும் செவ்வலும் வெள்ளையுமா மண்மேடு. செடிகொடி ஒண்ணும் இல்லாம, மழை அறுத்து அறுத்து வரி வரியா கெடக்கும். அங்க இறங்கிப் பார்த்துட்டு வந்தா காரு கிளம்ப மாட்டேங்குது. செல்வம் மூடியைத் திறந்து பார்த்துட்டு, பெல்ட் அறுந்துடுச்சுன்னான்.

அந்த மேட்டு ஓரத்துல ஒரு பொம்பளை குடை நட்டு, பானையில கம்பங்கூழ் வெச்சு வித்துக்கிட்டிருந்துச்சு. நான் கூச்சப்பட்டு நின்னேன். அந்த அம்மா போய்ப் பலகையில உட்கார்ந்து, சொம்புல வாங்கி, மோர்மிளகாயைக் கடிச்சுக் கடிச்சுக் குடிச்சாங்க. கண்ணுல தண்ணி வந்துச்சு, நிறுத்தல. ரோட்டோரத்துக் கூழை இப்படிக் குடிக்கிறாங்களே, என் கையால ஒருவாய்ச் சோறு சாப்பிடுவாங்களான்னு அப்பத்தான் எனக்குத் தோணுச்சு.

கூழ்க்காரம்மா கேட்டுச்சு. "எந்த ஊரு?"

"மலேசியா."

"கல்லு பொறுக்க வந்தீங்களா?"

நாங்க முழிச்சோம். அந்த மேட்டுல படிச்சவங்க வந்து வந்து கல்லு பொறுக்கிட்டுப் போவாங்களாம். சுருட்டி வெச்ச சங்கு மாதிரி கல்லு. கடல் ஜீவன் கல்லாப் போனதாம். "ஒரு காலத்துல இதெல்லாம் கடலாம்மா. என் கூழ்ப்பானை இருக்கிற எடமெல்லாம் சமுத்திரமாம். இப்ப ஒரு கொடம் தண்ணிக்கு ரெண்டு மைல் போறேன்" என்று சொல்லிட்டு இன்னொரு கரண்டி ஊத்துச்சு.

செல்வம் பெல்ட் வாங்கப் போனான். எங்களை, வெங்காய மூட்டை ஏத்திக்கிட்டு வந்த ஒரு குட்டியானை வண்டிக்காரர் ஏத்திக்கிட்டாரு. முன்னால எடமில்லை. மூட்டை மேல உட்கார்ந்து போனோம். எனக்கு வெட்கமாப் போச்சு. சம்பந்தம் பேச வந்தவங்களை வெங்காய மூட்டை மேலயா உட்கார வெக்கிறது? அவங்க ஷூவை நீட்டிக்கிட்டு, "எங்க தாமான்ல சொன்னா நம்ப மாட்டாங்க" என்றாங்க. வரிசை வரிசையா வீடு கட்டியிருக்கிற பேட்டையை அங்க தாமான்னு சொல்வாங்களாம்.

சாத்தனூர்ல அந்த மரம் வேலி போட்டு, படுத்த வாக்குல கெடக்குது. பார்த்தா மரம், தொட்டா கல்லு. பட்டை வரி, கணு எல்லாம் அப்படியே இருக்கு. கோடிக்கணக்கான வருஷம்னு போர்டுல போட்டிருக்கு. கோடி வருஷம்னா எவ்வளவுன்னு எனக்குப் பிடிபடல. ஆனா ஒண்ணு யோசிச்சேன். கடலோரம் நின்ன மரம், விழுந்து, தண்ணி அடிச்சுக்கிட்டு வந்து, மண்ணு மூடி, கல்லாகி, கடைசியில கடல் போய் மரம் மட்டும் மிஞ்சிடுச்சு. இப்ப வெங்காயக் காட்டுக்கு நடுவுல கெடக்குது. அதுக்கு இது எந்த ஊருன்னு தெரியுமா?

இதை நான் வாய்விட்டுச் சொல்லிட்டேன் போலிருக்கு. அந்த அம்மா திரும்பினாங்க. "கடல் தாண்டி வந்து புது மண்ணுல கெடக்கிறது கஷ்டம்தான்க்கா" என்றாங்க. அப்புறம் மரத்தைப் பார்த்துக்கிட்டே, "குமரேசனுக்கு பெர்மிட் இன்னும் கொஞ்ச நாள்தான். முடிஞ்சா திரும்பி இங்கதானே வரணும்?"

"ஆமாம்மா."

"இங்கேயிருந்து உங்க வீடு எவ்வளவு தூரம்?"

"அது இருக்கும் ஒரு... தூரம்தான். வெயில்ல உங்களுக்கு அலைச்சல்."

அவங்க மேற்கொண்டு கேட்கல. செல்வம் பெல்ட் மாட்டிக் காரைக் கொண்டாந்தான். திரும்பற வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு வந்தாங்க. அலுப்பு போலன்னு நினைச்சேன்.

வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர்ல அம்மன் வீட்டுல இருந்தாள். நல்ல கூட்டம். மாவிளக்கு போட நேர்ந்துக்கிட்டவங்க அங்கேயே உரல்ல அரிசி இடிச்சுக்கிட்டிருந்தாங்க. கமலவேணி அம்மா ஒரு பொண்ணுகிட்ட உலக்கையைக் கேட்டு வாங்கி நாலு இடி இடிச்சாங்க. நானும் இடிச்சேன். என்ன வேண்டிக்கிட்டாங்கன்னு கேட்கல. நான் வேண்டிக்கிட்டது, இவங்க வாயைத் திறக்கணும்னு. மறுநாள் காலையில அவங்களுக்குத் திருச்சியில பிளேன்.

அப்புறம் அரியலூர் வழியா கிழக்கால வந்தோம். சிமெண்டுக் கம்பெனி லாரிங்க சுண்ணாம்புக்கல்லை ஏத்திக்கிட்டு வரிசையா நின்னு ரோட்டை அடைச்சிடுச்சு. புளியமரம் வேப்பமரம் எல்லாம் வெள்ளையா மாவு பூசின மாதிரி. "எங்க ஊர்ல மலையா நிக்கிற கல்லு உங்க ஊர்ல மண்ணுக்குள்ள இருக்கு" என்றாங்க. அதைத் தவிர அன்னிக்கு வழியில ஒண்ணும் பேசல.

கங்கைகொண்ட சோழபுரம் போய்ச் சேர்றப்ப உச்சி வெயில். மூலவர் நடை சாத்தியாச்சு, சாயங்காலம்தான் திறப்பாங்களாம். புல்வெளியில கால் சுடாம நடந்து வெளியில இருக்கிற சிலையெல்லாம் பார்த்தோம். சாமி ஒரு பக்தர் தலையில பூவைச் சுத்தி விடுற சிலை இருக்கு. பக்கத்துல அம்மன். அந்த ஆளு தலையைக் குனிஞ்சு கையைக் கூப்பிக்கிட்டு, எவ்வளவு அடக்கமா உட்கார்ந்திருக்காரு. பெத்தவங்க புள்ளைக்குத் தலை பின்னி விடுற மாதிரிதான் எனக்குப் பட்டுச்சு. சிங்க வாய்க்குள்ள நுழைஞ்சு கீழ இறங்குற கிணத்தையும் பார்த்தோம். கம்பி போட்டு அடைச்சிருக்கு, இல்லன்னா அதுக்குள்ளயும் தலையை விட்டிருப்பேன்.

செல்வம் வழிகாட்டி ஆயிட்டான். "இந்தக் கோயிலைக் கட்டின ராஜா கப்பல்ல போய்க் கடாரத்தைப் பிடிச்சாராம்மா. கடாரம்னா உங்க ஊருக்கு மேல இருக்கிற கெடா."

"கெடாவா? என் தங்கச்சி அங்கதான் இருக்கா" என்றாங்க அந்த அம்மா.

"ராஜா படையெடுத்துப் போனாரு. நம்ம குமரேசன் பெர்மிட் எடுத்துப் போனாரு" என்றான். அதுக்கு மட்டும் லேசாச் சிரிச்சாங்க.

அப்ப அவங்க மவ போன் பண்ணுச்சு. தள்ளிப் போய் மரத்தடியில நின்னு பேசினாங்க. அம்மாவும் மவளும் பாதி மலாய்ல பேசுவாங்க போல. எனக்கு ஒண்ணும் விளங்கல. புல்லைக் கிள்ளிக்கிட்டு இருந்த செல்வம் நிமிர்ந்தான், அவனுக்கு மலாய் தெரியும். அவன் முகம் மாறிடுச்சு.

"என்னடா?"

"ஒட்டுக் கேட்கறது தப்பு பெரியம்மா."

"கேட்டுட்ட இல்ல. சொல்லு."

குரலைத் தணிச்சுச் சொன்னான். "'கோட்டை காட்டினாங்க, கல்லான மரம் காட்டினாங்க, ராஜா கோயிலும் காட்டியாச்சு. வீட்டை மட்டும் காட்டல. மூணு நாளா நானும் கேட்கிறேன், தூரம் தூரம்னு சொல்றாங்க. அந்த அக்காவுக்கு உன்னை எடுக்க மனசில்ல போலிருக்கு. இல்ல, வீட்டுல மறைக்கிற மாதிரி ஏதோ இருக்கு. எதுவா இருந்தாலும் நீ அவனை மறந்துடு'ங்கிறாங்க."

 

"பெரியம்மா, நான் வேணா போய்ப் பேசட்டுமா?"

பேசுடான்னு சொல்லத்தான் வாய் வந்துச்சு. ஆனா இது செல்வம் பேசற பேச்சு இல்லை. எழுந்து போனேன். அவங்க போனை வெச்சுட்டுக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டிருந்தாங்க. எங்கே தொடங்கறதுன்னு தெரியாம, "வூட்டுல சோறு ஆக்கல" என்றேன்.

"என்னக்கா?"

"உங்களைக் கூப்பிட்டா சோறு போடணும். சோறு சாப்பிட்டா எங்க பக்கத்துல பொண்ணைக் குடுத்த மாதிரி. உங்க மனசு தெரியாம நான் எப்படிம்மா கூப்பிடறது? நீங்களா சொல்வீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்."

அவங்க என்னையே பார்த்தாங்க. "நீங்க கூப்பிடுவீங்கன்னு நான் காத்திருந்தேன்க்கா. மூணு நாளா."

"மரியாதைன்னு நினைச்சேன்."

"வீட்டைப் பார்க்கத்தான் நான் பிளேன் ஏறினேன். என் பொண்ணு நாளைக்கு இங்க வந்தா எந்த அறையில படுப்பா, எந்தக் குழாயில தண்ணி பிடிப்பா, இதைத் தெரிஞ்சுக்க வந்தேன். நீங்க எனக்குக் கடல் இருந்த எடமெல்லாம் காட்டினீங்க."

நடை திறக்கிற வரைக்கும் இருக்கல. செல்வம் காரை ஜெயங்கொண்டம் ரோட்டுல விட்டான். முதல்முதலா அவன் வாயைத் திறக்கல.

எங்க வீடு குமரேசன் அனுப்பின காசுல தளம் போட்டுக் கட்டின மெத்தை வீடு. மூணு நாள் பூட்டிக் கெடந்து வாசலெல்லாம் முந்திரிச் சருகு. கூட்ட விளக்குமாறைத் தேடினேன். "விடுங்கக்கா, இருக்கிறது இருக்கிற மாதிரி பார்க்கிறேன்" என்று ஷூவைக் கழட்டிட்டு உள்ள போயிட்டாங்க. கோட்டையில நான் செஞ்ச மாதிரியே ஒவ்வொரு அறைக்குள்ளயும் தலையை விட்டுப் பார்த்தாங்க. குழாயைத் திறந்து தண்ணியை உள்ளங்கையில பிடிச்சு நாக்குல வெச்சாங்க. பாத்ரூம் தாழ்ப்பாளை உள்ளேருந்து போட்டுப் பார்த்தாங்க. தளர்ந்து கெடந்துச்சு, எனக்கு உசுரே போச்சு. ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், பஸ் எத்தனை வரும், கரண்டு போனா எப்ப வரும்னு கேட்டாங்க. நான் எதையும் கூட்டியும் சொல்லல, குறைச்சும் சொல்லல. பஸ் குறைச்சல்தான்னு சொன்னேன். சித்திரையில வெயில் இதை விட அதிகம்னும் சொன்னேன்.

குமரேசன் அறை ஜன்னலைத் திறந்தாங்க. தோப்பு. பூவும் பிஞ்சுமா தொங்குற நேரம். பூ வாசம் உள்ள வந்துச்சு.

"இந்த வாசமா எந்நேரமும்?"

"பூக்கிற மாசத்துல மட்டும்தாம்மா."

"அவளுக்கு இங்க பிடிக்கலன்னா?"

"பிடிக்கலன்னா ரெண்டு பேரும் திருச்சியில போயி இருக்கட்டும். நான் தடுக்க மாட்டேன். நான் பேசாம இருக்கிறதைக் கோபம்னு மட்டும் அவ நினைச்சுக்க வேணாம். நீங்க சொல்லி அனுப்புங்க."

  அடுப்பங்கரைக்குப் போனேன். அரிசியைக் களைஞ்சு வெச்சேன். சம்மதமோ இல்லையோ, பசிக்கிற நேரம். வாசல் முருங்கையில கீரை ஒடிச்சுட்டு வரச் சொல்லி செல்வத்தை விட்டேன். மிளகு ரசம், முருங்கைக்கீரை, ஊற வெச்ச முந்திரிப்பருப்பைப் போட்டு ஒரு குழம்பு. வேற ஒண்ணும் இல்லை. கீரை உருவ அந்த அம்மாவும் வந்து உட்கார்ந்துக்கிட்டாங்க.

வாழை இலை அறுத்துப் போட்டேன். செல்வம் தூரமா நின்னுக்கிட்டு, "அம்மா, பெரியம்மா சொன்னது ஞாபகம் இருக்கில்ல? இங்க சாப்பிட்டா..." என்று இழுத்தான்.

"தெரியும்லா" என்றாங்க. "தண்ணி எங்கக்கா?"

சொம்பைக் கொடுத்தேன். கொல்லைப் பக்கம் போய் நிதானமா, மணிக்கட்டு வரைக்கும் கையைக் கழுவினாங்க. வந்து உட்கார்ந்து சோத்தைப் பிசைஞ்சாங்க. ரசத்தை ரெண்டாம் தடவை கேட்டு வாங்கினாங்க.

சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறப்பவே மவ திரும்பவும் கூப்பிட்டுச்சு, முகம் தெரியற போன். அவங்க இடது கையால போனைத் திருப்பி இலையைக் காட்டினாங்க, ஜன்னலைக் காட்டினாங்க, என்னைக் காட்டினாங்க. நான் கரண்டியோட கதவுக்குப் பின்னால போயிட்டேன். மலாய்ல ஏதோ சொன்னாங்க.  அந்தப் பக்கம் பொண்ணு மூக்கை உறிஞ்சுற சத்தம்.

செல்வம் என் பக்கம் குனிஞ்சான். "பெரியம்மா, அவங்க என்ன சொல்றாங்கன்னா..."

"வேணாம்ப்பா" என்றேன். "நீயும் கையைக் கழுவிட்டு வந்து உட்காரு. சோறு ஆறுது."